அண்ணாச்சி முன்ரூமுக்கு மஞ்சள் அடித்த கதை

பொய் சொல்கிறவனுக்கும் ஒரு நாணயம் வேண்டும். நேற்றுச் சொன்ன பொய்யை இன்றைக்குக் குறைக்கக் கூடாது. அந்த ஒரு விஷயத்தில் எங்கள் மேலத்தெரு கோமதிநாயகம் அண்ணாச்சியை யாரும் குறை சொல்ல முடியாது. அவர் வீட்டுக் கிணற்றில் ஒரு ஆமை உண்டு. எனக்கு மீசை முளைத்த காலத்தில் அது சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது. இப்போது அதன் முதுகில் ஏறி நின்றுதான் அவர் தண்ணீர் இறைக்கிறாராம்.

என் பெயர் பேச்சிமுத்து. அம்பாசமுத்திரத்தில் சலூன் வைத்திருக்கிறேன். சலூன்காரனுக்குப் பொய் புதிதில்லை. கழுத்தில் துணியைக் கட்டியதும் ஆளாளுக்கு அளக்கத் தொடங்குவார்கள். நான் கத்தரியை ஆட்டிக்கொண்டே 'அப்படியா' என்று கேட்டுக்கொள்வேன். ஆனால் அண்ணாச்சியின் பொய்யை மட்டும் கொஞ்ச நாளாக அப்படிக் கேட்டுக்கொள்ள முடியவில்லை. காரணம் அவர் மகள் உலகம்மை.

உலகம்மை தங்கமான பிள்ளை. கூட்டுறவு பாங்கில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தமும் அப்பன் வாயால் போனது. முதலில் வந்தவர்களிடம், குற்றாலத்தில் அருவிக்கு மேலே தனக்கொரு பலாத்தோப்பு இருக்கிறது, பழம் பறித்துக் கொண்டுவர ஆள் வேண்டாம், அருவியே கீழே இறக்கிவிடும் என்று சொன்னார். அவர்கள் விசாரித்துப் பார்த்தார்கள். தோப்பு இல்லாதது பெரிசில்லை, இந்த வாயோடு எப்படிச் சம்பந்தம் பண்ணுவது என்று போய்விட்டார்கள். இரண்டாவது இடம் எதனால் போனது என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. இப்போது மூன்றாவதாகச் சுரண்டையில் இருந்து ஒரு இடம். தை பிறந்ததும் பெண் பார்க்க வருகிறார்கள்.

போன வாரம் பாங்குக்குப் போகிற வழியில் உலகம்மை என் கடை வாசலில் நின்றாள்.

"மாமா, அப்பா இங்க வந்து உக்காந்தா டி.வி.யைச் சத்தமா வைங்க. இந்த இடம் எனக்குப் பிடிச்சிருக்கு. தை வரைக்கும் அப்பா வாயைத் தொறக்காம இருந்தாப் போதும்."

அந்தப் பிள்ளை இதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. சரியென்று தலையாட்டினேன்.

மார்கழிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே வெளியூர் ஆள் ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை. ஷேவிங் என்றார். நுரையைப் பூசும்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. முகம் வழிக்க வந்தவன் கண்ணாடியைப் பார்ப்பான். விசாரிக்க வந்தவன் என்னைப் பார்ப்பான். இவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சுரண்டைல இருந்து வாரேன். இங்க மேலத்தெருவுல கோமதிநாயகம்னு ஒருத்தரு வீட்டுல எங்க பையனுக்குப் பொண்ணு பாக்கோம். பொண்ணைப் பத்தி நல்லாத்தான் சொல்லுதாவ. அவரு எப்படி?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"வாயில்லாப் பூச்சி" என்றேன் நான். இந்தக் கடையில் அன்றைக்கு விழுந்த முதல் பொய் என்னுடையது. சொல்லி வாயை மூடவில்லை, வாசலில் கோமதிநாயகம் அண்ணாச்சி நிற்கிறார்.

தலையில் மஞ்சள், புருவத்தில் மஞ்சள், காது மடலில் கட்டி கட்டியாக மஞ்சள். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நயினார் நிமிர்ந்து பார்த்தார். நயினார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், அண்ணாச்சிக்குப் பக்கத்து வீடு. டிக்கெட் எடுக்காதவன் முகத்தைப் பார்த்துப் பார்த்து, எதையும் நம்பாத சுபாவம் வந்துவிட்ட மனுஷன்.

"என்ன வே, எவளாச்சும் மஞ்சத்தண்ணி ஊத்திட்டாளா?"

"பெயின்ட்டு வே. முன்ரூமுக்கு நானே அடிச்சேன். பொங்கல் நேரம், ஒரு பெயின்ட்டரும் சிக்கல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாராவ, முன்ரூம்பு நல்லா இருக்க வேண்டாமா? பிரஷ்ஷைத் தொட்டது இதுதான் மொத தடவை. பேச்சிமுத்து, முடில ஒட்டுன பெயின்ட்டு போக மாட்டேங்குது. அங்கங்க வெட்டி எடுத்துரு."

நான் பாய்ந்துபோய் டி.வி.யைச் சத்தமாக வைத்தேன். அண்ணாச்சி நிதானமாக ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டார்.

"ஒரு மனுசன் மொத மொதல்ல வீட்டுக்குப் பெயின்ட்டு அடிச்சிட்டு வந்திருக்கான். அதைக் கேக்காம நியூஸ் என்னத்துக்கு?" என்று நயினார் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த தோரணையைப் பார்த்ததுமே இது சின்னப் பொய்யில் நிற்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"பழைய பச்சை பெயின்ட்டு மேல புதுசு அடிச்சா ஒட்டாதாம், மொதல்ல உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணுமாம். கடைக்காரன் சொன்னான். நானும் தேச்சேன். பச்சை போச்சு. அதுக்கு அடியில எங்க அப்பா அடிச்ச நீலம் வந்துச்சு. அதையும் தேச்சேன். எங்க தாத்தா அடிச்ச சுண்ணாம்பு. அதுக்கு அடியில யாரு அடிச்சதுன்னே தெரியாத ஒரு காவி. நமக்கு ஒரு வேலையை எடுத்தா விடத் தெரியாதுல்லா. தேய் தேய்னு தேச்சதுல செவரு கண்ணாடித்தாள் மாதிரி ஆயிட்டு. அந்தப் பக்கம் நயினார் உக்காந்து புட்டு தின்னுக்கிட்டு இருந்தாரு. புட்டுல தேங்காய்ப்பூ கம்மி. அது வரைக்கும் தெரிஞ்சுது."

"ஓய், உம்ம வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல ஒரு சந்து கெடக்கு" என்றார் நயினார்.

"அந்தச் சந்தையும் சேத்துத்தான் தேச்சிட்டேன்."

நான் சுரண்டைக்காரர் முகத்தைப் பார்த்தேன். நுரைக்குள் இருந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இவர்தான் கோமதிநாயகம் என்று அவருக்குத் தெரியாது. அது மட்டும் தெரியாமலே அவரை வழித்து அனுப்பிவிட்டால் உலகம்மை பிழைத்துக்கொள்வாள் என்று கத்தியை விரட்டினேன். ஆனால் மனுஷனுக்கு இரண்டு நாள் தாடி. கம்பி மாதிரி இருந்தது.

"பொறவு செவரு விழுந்துரும்னு பட்டி பாத்து, பிரைமர் அடிச்சு, மஞ்சளைத் தொறந்தேன்" என்றார் அண்ணாச்சி. "பேச்சிமுத்து, அது சாதா மஞ்சள் இல்ல. பழுத்த மாம்பழ மஞ்சள். அடிச்சு முடிச்சுப் பிரஷ்ஷைக் கழுவி அந்தத் தண்ணியச் சாக்கடையில ஊத்தினேன். அது வாய்க்கால்ல போய்ச் சேந்துட்டு. மறுநாள் காலைல பாத்தா ஊரு வயல் பூரா தங்கமா வெளைஞ்சு நிக்கி. நட்டுப் பத்து நாள் ஆகாத நாத்து. அறுவடை மெசினு ரெண்டு வண்டி வந்து எறங்கிட்டு. நான்தான் ஓடிப்போய், அய்யா இது நெல்லு இல்ல, எம் பெயின்ட்டுன்னு கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன்."

"நேத்து நான் வயக்காட்டுப் பக்கந்தான் நடக்கப் போனேன். எல்லாம் பச்சையாத்தான் இருந்துச்சு" என்றார் நயினார்.

"பனி பெஞ்சு வெளுத்துட்டு. ஆனா கொக்கு எல்லாம் இன்னும் மஞ்சளாத்தான் திரியுது. அதுகளுக்கே வெக்கம், ஊருக்குள்ள வாரதில்ல."

வாய்க்கால் பேச்சு வந்ததும் நான் சுரண்டைக்காரரின் இரண்டு காதிலும் நுரையை அள்ளி அப்பினேன். அவர் சாவகாசமாகச் சுண்டு விரலை விட்டு நுரையை வெளியே எடுத்தார். கேட்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்ட மனுஷன் போலிருந்தது. அண்ணாச்சியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். அவர், "கண்ணுல சோப்பு பட்டுட்டா? தண்ணியடிச்சுக் கழுவு" என்று சொல்லிவிட்டு அடுத்த படிக்குப் போய்விட்டார்.

"அடுத்தாப்புல மேக்கூரை. அதுக்கு ரோலர். நீளக் கம்புல மாட்டி உருட்டணும். எனக்கு அந்த ரோலர் பழக்கமில்ல, எவ்வளவு அழுத்தணும்னு தெரியாது. ஒரு தள்ளு தள்ளுனேன் பாத்துக்கிடுங்க. கூரை மேல போயிட்டு."

"எங்க?"

"மேல. செவத்தை விட்டு ஒசந்துட்டு. அந்தால செவத்தையும் இழுத்து நீட்டிச் சேத்து வச்சேன். ரூம்பு இப்ப ரொம்ப ஒசரம். ஃபேன் சுத்துதது கீழ இருந்து தெரியுது, காத்து வந்து சேரத்தான் நேரமாவுது. காலைல போட்ட காத்துக்குச் சாயங்காலம் போய்க் கீழ உக்காருதோம்."

நயினார் பேப்பரை மடித்து வைத்தார். அது கெட்ட சகுனம். அவர் சும்மா இருந்தாலாவது அண்ணாச்சி இளைப்பாறுவார். எதிர்த்துப் பேச ஆள் கிடைத்தால் அவருக்குக் கொண்டாட்டம்.

"உம்ம வீட்டு மாடியில நேத்து எம் பொண்டாட்டி வத்தல் காயப்போட்டா. ஒசந்திருந்தா அவ எப்படி ஏறுனா?"

"அதை அவகிட்ட கேளும். முழங்கால் வலின்னு ராத்திரி சொன்னாளா இல்லையா?"

நயினார் மடித்து வைத்த பேப்பரை இன்னொரு மடிப்பு மடித்தார். வலி என்று அவள் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. அந்த ஒரு வெற்றியில் அண்ணாச்சிக்குக் குரல் ஏறிவிட்டது.

"மஞ்சள் காய்ஞ்ச பொறவுதான் வேடிக்கை. அவ்வளவு பளபளப்பு. எதுத்த வீட்டு ஆளுங்க எல்லாம் காலைல வந்து எஞ் செவத்துல முகம் பாத்துதான் சேவிங் பண்ணுதாவ. பேச்சிமுத்து, ஒங் கடையில கூட்டம் கொறைஞ்சதுக்கு அதான் காரணம். மனசுல வச்சுக்கிடாதே."

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. என் கடையில் கூட்டம் குறையவில்லை. அதைச் சொன்னால் பேச்சு நீளும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"மணமும் அப்படித்தான்" என்றார் அண்ணாச்சி. "பழுத்த மாம்பழ நெறம்னா அதுக்கு மாம்பழ வாசனையும் வந்துட்டு. பாபநாசம் மலையில இருந்து குரங்கு எறங்கி வந்துட்டு. ஒண்ணு ரெண்டு இல்ல, குடும்பம் குடும்பமா. ஜன்னல்ல வரிசையா உக்காந்து செவத்தைப் பாத்துக்கிட்டே இருக்கு."

அண்ணாச்சி வந்த பிறகு அப்போதுதான் சுரண்டைக்காரர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "வந்து என்ன செஞ்சுது?" என்று கேட்டார். போலீஸ் ஸ்டேஷனில் கேட்பதுபோல் இருந்தது எனக்கு.

அண்ணாச்சிக்குப் புது ஆள் கேட்டதில் சந்தோஷம் தாங்கவில்லை. "நல்லாக் கேட்டிய அய்யா. பெரிய குரங்கு ஒண்ணு வந்து செவத்துல ஒரு நக்கு நக்குச்சு. நக்கிட்டு மத்ததுகளைப் பாத்துத் தலையை ஆட்டுச்சு, இன்னும் பழுக்கலன்னு. அதுல இருந்து தினம் காலைல ஒண்ணு மட்டும் வந்து பழுத்துட்டான்னு பாத்துட்டுப் போவுது. நாங்களும் வா, உக்காருன்னு சொல்லுதோம். வந்தவங்களை வெரட்ட முடியுமா?"

"சரி வே, அதெல்லாம் இருக்கட்டும்" என்றார் நயினார். "நேத்துச் சாயங்காலம் உம்ம வீட்டுக்கு உரல் கேட்டு வந்தேன். முன்ரூமைப் பாத்தேன். செவத்துல அங்கங்க கதவு அகலத்துக்குப் பழைய பச்சை அப்படியே கெடக்கு. பீரோவை நகத்தாம அதைச் சுத்தி அடிச்சிருக்கீரு. சாமி படத்தை எறக்காம அதைச் சுத்தி அடிச்சிருக்கீரு."

"கன்னி மூலையில இருக்க பீரோவை நகத்துனா லட்சுமி எந்திரிச்சுப் போயிர மாட்டாளா? மார்கழி மாசம் சாமி படத்தை ஆணியில இருந்து எறக்கலாமா? தெரிஞ்சவங்க செய்வாங்களா அதை?"

"காலண்டரு? அதைக் கழத்த என்ன கேடு?"

"அதைக் கழத்துனாத் தேதி எப்படித் தெரியும்? புது வருசக் காலண்டரும் அதே அளவுல வரும்னு நெனைச்சேன். சின்னதாப் போச்சு." அண்ணாச்சி ஒரு நொடிதான் தடுமாறினார். "ஆனா அந்தப் பச்சை விட்டுப்போனது இல்ல வே. வேணும்னே விட்டது. திருஷ்டிப் பொட்டு."

"திருஷ்டிப் பொட்டு கன்னத்துல ஒண்ணு வைப்பாவ. நீரு பொட்டுக்கு நடுவுல கொஞ்சம் கன்னம் வச்சிருக்கீரு."

நான் என்னை மறந்து சிரித்துவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. மஞ்சளுக்குள் சிவப்பு நன்றாகத் தெரிந்தது.

"சிரிக்கியா பேச்சிமுத்து? அந்தப் பொட்டு வைக்கதுக்கு முந்தி என்ன ஆச்சுன்னு கேளு. பால்காரன் வாசல்ல நின்னு ரூமை எட்டிப் பாத்தான். 'அடடா' ன்னான். ஒரே ஒரு அடடா. செவத்துல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு கீறல் விட்டுச்சு. அந்தக் கீறல் அதோட நின்னுதா? வாசப்படியத் தாண்டி, தெருவைத் தாண்டி, ரயில்வே ஸ்டேசன் வரைக்கும் போயிட்டு. பாசஞ்சர் வண்டி வந்து கீறலுக்கு அந்தப் பக்கம் நிக்கி. நான் பட்டி டப்பாவும் கரண்டியுமா ஓடி, ஸ்டேசன்ல இருந்து வீடு வரைக்கும் பூசிக்கிட்டே வந்தேன். பொறவுதான் டிரைவரு வண்டிய எடுத்தாரு. எனக்கு டாட்டா காட்டிட்டுப் போனாரு."

இனி பொறுக்க முடியாது என்று நான் சுரண்டைக்காரர் பக்கம் குனிந்தேன். "அய்யா தப்பா எடுத்துக்கிடாதீய. இவிய சும்மா விளையாட்டுக்குச் சொல்லுதாவ. மத்தபடி ரொம்ப மரியாதையான மனுசன்."

காப்பாற்றத்தான் சொன்னேன். அண்ணாச்சி விறைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

"யாரு விளையாட்டுக்குச் சொல்லுதது? அம்பாசமுத்திரம் மேலத்தெரு கோமதிநாயகம் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னான்னு இந்த ஊருல ஒருத்தன் சொல்லட்டும், நான் மொட்டை போட்டுக்கிடுதேன்."

சுரண்டைக்காரர் என் கையை மெல்ல விலக்கிவிட்டு, பாதி வழித்த முகத்தோடு நாற்காலியைத் திருப்பினார்.

"நீங்கதான் கோமதிநாயகமா?"

"ஆமா. நீங்க யாரு?"

"சுரண்டை. குற்றாலிங்கம். மாப்பிள்ளைக்குச் சித்தப்பா."

அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்தார். இந்தத் தடவை சம்மணம் போடவில்லை. உலகம்மை என் கடை வாசலில் நின்ற நிற்பு என் கண்ணுக்குள் வந்தது. அந்தப் பிள்ளை கேட்ட ஒரே ஒரு காரியத்தைச் செய்ய முடியவில்லையே. நயினாரும் தலையைக் குனிந்துகொண்டார். அவர்தான் கிண்டிவிட்டது.

அண்ணாச்சி காது மடலில் ஒட்டிய மஞ்சளைச் சுரண்டிக்கொண்டே பேசினார்.

"எம் மக என்னை மாதிரி இல்லைங்க. கொழம்புல உப்பு கூடிட்டுன்னா கூடிட்டுன்னே சொல்லுவா. ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லமாட்டா. அவளுக்காகத்தான் அந்த ரூம்பை அடிச்சேன். நல்லா வரல. நல்லா வரலன்னு சொல்ல எனக்குத் தெரியல. எம் வாயை வச்சு அந்தப் பிள்ளைய எடை போட்டுராதீய."

குற்றாலிங்கம் துண்டை வாங்கி முகத்தில் மிச்சமிருந்த நுரையை அவரே துடைத்தார். ஒரு கன்னம் பளபளவென்றும் இன்னொரு கன்னம் முள்ளாகவும் இருந்தது. கல்யாணம் முறிந்துவிட்டது என்றே நான் நினைத்தேன்.

"பையனுக்குப் பொண்ணு பாக்கது லேசு" என்றார் அவர். "எங்க அண்ணனுக்குச் சம்பந்தி பாக்கதுதான் பெரும்பாடா இருக்கு. போன வீட்டுல எல்லாம் உள்ளதை உள்ளபடி பேசுத மனுசங்களாவே இருக்காவ. அண்ணன் ஒண்ணு சொல்லுவாரு. அவிய முழிப்பாவ. பதிலுக்கு ஒண்ணு வராது. வீட்டுக்கு வந்து அண்ணன் சாப்பிட மாட்டாரு. 'தம்பி, காலம்பூரா இவங்க கூட எப்படிலே ஒறவு கொண்டாடுதது' ன்னு கேப்பாரு."

அண்ணாச்சி தலையை நிமிர்த்தினார். "அவியளும் பெயின்ட்டு அடிப்பாவளா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எங்களுக்கு எப்பவும் சுண்ணாம்புதான். போன பொங்கலுக்கு ஆளு கெடைக்கலன்னு அண்ணனே மொத மொதல்ல எறங்கிட்டாரு. சுண்ணாம்பைக் கரைச்சு, நீலத்தைப் போட்டு, உள்ள வெளிய எல்லாம் அடிச்சாரு. அடிச்சு முடிச்சு ஏணில இருந்து எறங்கிப் பாக்காரு, வீட்டைக் காணோம்." குற்றாலிங்கம் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. "அவ்வளவு வெள்ளை. வெயில்ல வீடு இருக்கதே தெரியல. ஒரு வருசமா நாங்க கையால தடவித் தடவித்தான் வாசலைக் கண்டுபிடிச்சு உள்ள போறோம். தபால்காரரு தெருவுல நின்னு காத்துக்குள்ள தபாலை நீட்டுவாரு. உள்ள இருந்து யாராவது கை நீட்டி வாங்கிக்கிடுவோம்."

நயினார் குற்றாலிங்கத்தையும் அண்ணாச்சியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதனால ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கிடுங்க" என்று குற்றாலிங்கம் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "தையில நாங்க வந்து பூ வச்சிட்டுப் போன பொறவு, நீங்க மாப்பிள்ளை வீடு பாக்க வரணும்ல. வரும்போது அந்த மஞ்ச பெயின்ட்டுல கொஞ்சம் மிச்சம் இருந்தாக் கொண்டாங்க. வாசக் கதவுக்கு மட்டும் அடிச்சு வைப்போம். சம்பந்தி வந்து செவத்துல முட்டிரக் கூடாது பாருங்க."

சம்பந்தி என்ற வார்த்தை கடைக்குள் விழுந்ததும் அண்ணாச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் எழுந்து இரண்டு கையாலும் குற்றாலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். மிச்சம் இருக்கிறதா என்பதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல் உதடு துடித்தது. மலை, அருவி, ரயில் எல்லாவற்றையும் ஒரு கை பார்த்த வாய் அது.

நயினார்தான் பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டே சொன்னார்.

"தாராளமா இருக்கும். ஒண்ணரைச் செவருதான் ஆயிருக்கு."